பேர் அழிந்த சாமியாடிகள்

ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் அது கோவில்பட்டியில் எந்த மாதிரி இடத்திலிருந்து வந்திருக்கிறது என்று இசக்கிபாண்டி சொல்லிவிடுவார். காற்றாடியில் பஞ்சு அடைந்திருந்தால் மில் ஆபீஸ். கறுப்புப் பொடி படிந்திருந்தால் தீப்பெட்டி ஆபீஸ். எறும்பு ஊர்ந்தால் கடலைமிட்டாய்க் கடை. ஒன்றுமே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் அதை வாங்கி வைத்திருப்பவர் இன்னும் ஆன் செய்யவில்லை என்று அர்த்தம்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்தவர். கடைசி வருஷத்துப் பாடம் ஒன்றை இன்றுவரை எழுதி முடிக்கவில்லை. அது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யாரும் கவலைப்படப் போவதில்லை. ஆனாலும் அவருக்கு அது நெஞ்சில் கிடந்தது. விசிட்டிங் கார்டில் 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்று அடித்துக்கொண்டதற்கும், எவனாவது ஒருத்தன் தன்னை 'சார்' என்று கூப்பிட மாட்டானா என்று ஏங்கியதற்கும் அந்த ஒரு பாடம்தான் காரணம். ஊரோ அவரை அண்ணே என்றது, பாண்டி என்றது, அவசரத்தில் ஏலே என்றது. சார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு மருந்துதான் தெரியும். ஒரு கம்ப்யூட்டருக்கு இன்னொரு கம்ப்யூட்டர் தெரியவில்லையா, பிரிண்டர் வரவில்லையா, முதலில் பயர்வாலை அணை. பயர்வால் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் காவல்காரன். உத்தரவில்லாமல் வெளியாளை உள்ளே விடமாட்டான். அவனைத் தூங்க வைத்துவிட்டால் எல்லாரும் எல்லாருடைய வீட்டுக்கும் தாராளமாகப் போய் வரலாம். வேலை சட்டென்று முடியும், பாண்டிக்கும் நல்ல பேர். இப்படி ஊரிலுள்ள கம்ப்யூட்டர்களின் கதவையெல்லாம் திறந்துபோட்ட மனுஷன், தன் வீட்டு கேட்டுக்கு மட்டும் இரண்டு பூட்டுப் போட்டு, கிளம்பும்போது இரண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஒரு தீப்பெட்டி ஆபீஸில் இந்த மருந்து விஷமானது. திறந்து கிடந்த கதவு வழியாக வைரஸ் புகுந்து கணக்கையெல்லாம் பூட்டிவிட்டது. முதலாளியின் மகள் தீபலட்சுமி சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாள். எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"யாரு இந்த பயர்வாலை அணைச்சு வச்சது?"

"கரண்டு போயிட்டு வந்தா சில நேரம் அதுவாவே அணைஞ்சிரும்மா" என்றார் பாண்டி.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அன்றோடு பாண்டி திருந்தினார். பழைய இடங்களுக்கெல்லாம் தேடிப் போய்க் காவல்காரனை எழுப்பிவிட்டார். ஒழுங்காகப் போனது. சாமித்துரையின் கேபிள் சேனலுக்கு வரும்வரை.

மார்க்கெட்டுக்குப் பின்னால் உரக்கடை மாடியில் இரண்டு அறைகள், அதுதான் சேனல். பிறந்தநாள் வாழ்த்து, சடங்கு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, இடையிடையே பாட்டு. ஆனால் சாமித்துரையின் உண்மையான சொத்து கோயில் கொடைத் திருவிழா வீடியோக்கள். நாகலாபுரம், பசுவந்தனை, விளாத்திகுளம் பக்கம் எந்த ஊரில் கொடை என்றாலும் அவருடைய கேமரா போய்விடும். கரகாட்டத்துக்காக அல்ல, சாமியாட்டத்துக்காக. கரகாட்டத்தை எவர் வேண்டுமானாலும் பார்க்கலாம். சாமியாடுகிறவருக்குத்தான் சொந்தக்காரர்கள் உண்டு. ஒரு சாமியாடி காலமானால், அடுத்த கொடை வாரத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைச் சேனலில் போடச் சொல்லிக் குடும்பத்தார் வந்து நிற்பார்கள். அந்தப் பக்கத்தில் அது ஒரு முறையாகவே ஆகிப்போனது.

வீடியோக்கள் உள் அறைக் கம்ப்யூட்டரில் இருந்தன. அதற்குக் கிட்டங்கி என்று பேர். முன் அறைக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள். எந்த வீடியோ எந்த ஊர், எந்த வருஷம், எந்தச் சாமி, ஆடினவர் யார் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருந்தது. கிட்டங்கியில் போய்ப் பார்த்தால் கேமரா போட்ட வெறும் நம்பர்தான் இருக்கும். பேர் முழுக்க முன் அறையில், ஆள் முழுக்க உள் அறையில். இரண்டையும் இணைத்தவள் செல்வமாரி.

பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். அப்பா சோலைச்சாமி ஆட்டுக்காரர். அறுப்பு முடிந்த காடுகளில் ஊர் ஊராக ஆடுகளை அடைத்துக் கிடை போடுகிறவர். முகம் தெரியாத சாமியாடியின் படத்தை அவள் அப்பாவின் போனுக்கு அனுப்புவாள். அவருக்குப் பாதி நேரம் பேர் தெரியாது, ஆனால் வேறு ஏதாவது தெரியும். "இவனா? எங்கிடாயைப் புடிச்சுக் கட்டி வச்ச பயலாச்சே. சாமியா ஆடுதான்?" என்பார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டு, பேர் கேட்டு, தட்டி ஏற்றுவாள். சில வருஷங்களாக இதுதான் அவள் வேலை.

கொடைக் காலம் தொடங்குமுன் சாமித்துரை பாண்டியை அழைத்தார்.

"பாண்டி, பேரைத் தட்டிவிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் தேடிக்கிட்டே இருக்குதுலே. என்னன்னு பாரு."

"டேட்டாபேஸ் ஊதிப்போய் இருக்கும் அண்ணாச்சி. துப்புரவு பண்ணித் தாரேன். பாருங்க, சும்மா பறக்கும்."

செல்வமாரி வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம், பாண்டி உட்கார்ந்தார். முதல் காரியமாகக் கிட்டங்கியின் பயர்வாலைப் போட்டார். திருந்திய மனுஷன் அல்லவா? போட்டவர், முன் அறைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் வழிவிடு என்று அந்தக் காவல்காரனிடம் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டார். முன் அறையில் வந்து பார்த்தால் பேரெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. சின்னச் சின்னப் படங்களும் தெரிந்தன. அவை மென்பொருளின் சொந்தச் சேமிப்பு, கிட்டங்கி பூட்டிக் கிடந்தாலும் தெரியும். ஒரே ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். ஓட்டிப் பார்க்கவில்லை. 'துப்புரவு' பட்டனை அமுக்கினார்.

மென்பொருள் கிட்டங்கிக்குப் போனது. கதவு பூட்டியிருந்தது. பூட்டிய கதவையும் காலி வீட்டையும் பிரித்துப் பார்க்கிற புத்தி அதற்குக் கிடையாது. திரும்பி வந்து, இத்தனை பதிவுகளுக்கு வீடியோ இல்லை, நீக்கிவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டது. இவ்வளவு குப்பை இருந்தால் ஏன் மெதுவாக ஓடாது என்று பாண்டி நினைத்தார். 'ஆம்' என்றார். கேட்கிற எதற்கும் ஆம் சொல்லித்தான் அவர் தொழிலில் இவ்வளவு தூரம் வந்திருந்தார். பிறகு டேட்டாபேஸைச் சுருக்கினார். அந்த நேரம் பார்த்து, தினமும் தானாகப் பிரதி எடுக்கும் வேலை ஓடி, பழைய பிரதியை அழித்துப் புதியதை வைத்தது. இடம் வீணாக வேண்டாம், ஒரு பிரதி போதும் என்று அதை அமைத்தவரும் அவர்தான்.

சோதனைக்கு, வரிசையில் பார்த்திருந்த 'கொம்பையா' என்ற ஒரு சாமியாடியின் பேரைத் தட்டினார். மென்பொருள் பறந்தது. அப்படி யாரும் இல்லை என்று கண்ணிமைக்குமுன் பதில் சொன்னது.

எழுந்து உள் அறைக்கு ஓடினார். கிட்டங்கியின் கதவைத் திறந்துவிட்டார். வீடியோக்கள் எல்லாம் பத்திரமாக வந்து நின்றன, நம்பரும் கையுமாக. பேர் ஒன்றுகூட வரவில்லை. கீழே உரக்கடையில் சாமித்துரை யாரிடமோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. பாண்டி படியிறங்கி, "முடிஞ்சுது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். முடிந்துதான் போயிருந்தது.

மறுநாள் காலை சாமித்துரையிடமிருந்து போன் வந்தது. போனார். முதன்முறையாகப் பார்ப்பவர்போல அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். செல்வமாரி சுவரோரம் நின்றாள்.

"நான் நேத்து கெளம்பும்போது அப்டேட் கேட்டுச்சிண்ணே. குடுத்துட்டுப் போனேன். அதனால இருக்குமா?"

பாண்டி ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"இருக்கலாம்."

பொய் சொன்னதாக அவரை யாரும் குற்றம் சாட்ட முடியாது. உலகத்தில் எதுவும் இருக்கலாம். சாமித்துரை அதற்குமேல் கேட்கவில்லை.

"ஏட்டி, யாரைக் கேட்டு அப்டேட்டு குடுத்த? ஒன் வீட்டு ஆடா அது, தொறந்துவிட்டுட்டுப் போறதுக்கு? நாகலாபுரத்துப் பாண்டியம்மா வந்து சொல்லிட்டுப் போயிருக்கா. அவ புருஷன் கொம்பையா ஆடுனதைக் கொடை வாரத்துல போடணும்னு. நானும் வாக்குக் குடுத்துட்டேன். அது மட்டும் கெடைக்கலைன்னு வையி, நீ அடுத்த நாள் வரவேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள்.

"இன்னொண்ணு. மத்த ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கேளு. நாகலாபுரத்துக்குப் போடாத. அழிச்சிட்டோம்னு தெரிஞ்சா அங்கன எனக்கு மானம் போயிரும்."

பாண்டி, "நானும் கூட உக்காந்து பாக்குதேன் அண்ணாச்சி" என்றார். அப்படித்தான் அது தொடங்கியது. கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு மாடிக்கு வந்துவிடுவார். அவர் வீடியோவை ஓட்டுவார். அவள் முகத்தைப் பார்த்து ஊருக்குப் போன் போடுவாள். ஒவ்வொரு போனையும் அவள் ஒரே மாதிரி ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, சேனல்லேருந்து செல்வமாரி பேசுதேன். பேரெல்லாம் அழிஞ்சு போச்சு. என் தப்புதான்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாண்டி இதைக் கேட்டார். ஒரு ஊருக்கு ஒரு தடவை என்றாலும் எத்தனை ஊர்கள்? சில பெரியவர்கள் எதிர்முனையில் திட்டினார்கள், ஸ்பீக்கரில் கேட்டது. அவள் "ஆமாய்யா, ஆமாய்யா" என்று வாங்கிக்கொண்டாள். பாண்டி வீடியோவை நிறுத்திவிட்டுத் திரையை உற்றுப் பார்ப்பார், அங்கே ஏதோ இருப்பதுபோல.

ஒரு நாள் அவளுடைய போன் ஏதோ கேட்டு மினுங்கியது. கையில் எடுத்தவள் சட்டென்று கவிழ்த்து வைத்தாள்.

"அப்டேட்டு கேக்குதுண்ணே. நான் குடுக்கவே இல்ல. பாதி ஆப்பு வேலை செய்யல. போகட்டும், எவன் எதை அழிப்பானோன்னு இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, குடு" என்றார் பாண்டி.

"நீங்கதானே சொன்னீங்க, அதனாலதான்னு."

"இருக்கலாம்னுதான் சொன்னேன்."

"அதான்" என்றாள் அவள்.

இதற்கிடையில் பாண்டிக்கு ஊரில் பேர் வந்துவிட்டது. ஒருத்தி பண்ணின தப்புக்குத் தன் தொழிலை விட்டுவிட்டு உட்கார்ந்து உதவுகிற மனுஷன். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். வீட்டில் அவர் மனைவி முத்துச்செல்வி சோற்றைப் போட்டுக்கொண்டே, "உரக்கடைக்காரவிய வீட்டுல உங்களைப் பத்தித்தான் பேச்சாம். எனக்குப் பெருமையா இருந்துச்சு" என்றாள். பாண்டி பாதியில் கை கழுவினார். அவளும் அதை வேலைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள். திட்டு வாங்கியிருந்தால் ஒருவேளை அவர் தாங்கியிருப்பார். திட்டுக்குப் பதில் சொல்லலாம். பாராட்டுக்கு என்ன சொல்வது?

கொம்பையா மட்டும் அகப்படவில்லை. நாகலாபுரத்துக் கொடை வீடியோக்கள் எவை என்று கோயிலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் சுடலைமாடனுக்கு ஆடுகிறவர்கள் அங்கே நாலைந்து பேர். தலையில் உயரமான குல்லாய், உடம்பெல்லாம் சந்தனம், முகத்தில் மஞ்சள். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எல்லாரும் ஒரே சுடலையாக இருந்தார்கள். சாமிக்கு அது பொருத்தம், சேனலுக்கு அது கஷ்டம். சோலைச்சாமியைக் கேட்டதில், "நாகலாபுரத்துக்காரன் எவனும் என்னைக் கிடை போட விட்டதில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கொடை வாரம் பிறந்தது. அன்று மத்தியானம் சாமித்துரை மேலே ஏறி வந்தார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"செல்வமாரி, நாளையிலேருந்து வேற ஏற்பாடு பண்ணிக்கிடுதேன். நீ வருத்தப்படாத."

அவள் எழுந்து சாப்பாட்டுத் தூக்கைப் பைக்குள் வைத்தாள். தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினாள். பாட்டில் பாண்டியின் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக் கொடுக்க அவர் கை போனது, பாதியில் நின்றது.

"அண்ணாச்சி, அழிச்சது நான். அந்தப் பிள்ள இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் துப்புரவு பண்ணும்போது நான்தான் அழிச்சேன்."

அவரையே பார்த்துக்கொண்டிருந்த சாமித்துரைக்குக் கண் கலங்கியது.

"ஏலே பாண்டி. ஒரு பொம்பளப்பிள்ள வேலை போயிரக்கூடாதுன்னு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிடுதியே. ஒன் மனசு யாருக்கு வரும்?" என்றவர் படிப்பக்கம் திரும்பி, "மேல மூணு டீ!" என்று குரல் கொடுத்தார்.

"இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான் சொல்லுதேன்."

"சும்மா இருலே. எனக்குத் தெரியாதா ஒன்னைய?"

செல்வமாரியும், "வேண்டாம்ணே, எனக்காக நீங்க பொய் சொல்லவேண்டாம்" என்றாள்.

இவ்வளவு நாள் உண்மையை மறைத்தது எளிதாக இருந்தது. சொல்லி நம்ப வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. பேச்சில் காரியம் ஆகாது என்று பாண்டிக்குப் புரிந்தது. அவள் திரும்ப ஏற்றியிருந்த பேர்கள் அத்தனையையும் முதலில் தன் பென்டிரைவில் பிரதி எடுத்தார். பிறகு எழுந்து உள் அறைக்குப் போனார்.

"இப்போ கிட்டங்கிக் கதவை அடைக்கேன், பாருங்க. அன்னைக்கும் இதைத்தான் செஞ்சேன்" என்று அங்கிருந்தே சொன்னார். முன் அறைக்கு வந்தார். "பேரெல்லாம் தெரியுதா?"

"தெரியுதுல" என்றார் சாமித்துரை.

"எனக்கும் தெரிஞ்சுது. வீடியோ ஓடுதான்னு நான் பாக்கல. இப்போ இதை அமுக்குவேன்." துப்புரவை அமுக்கினார். திரை கேட்டது: இத்தனை பதிவுகளுக்கு வீடியோ இல்லை, நீக்கலாமா? "நீங்களே ஆம்னு குடுங்க, அண்ணாச்சி."

"எனக்கெதுக்குல அந்த வம்பு?"

பாண்டியே கொடுத்தார். பசுவந்தனை போனது. விளாத்திகுளம் போனது. போன் போட்டுப் போட்டு, திட்டு வாங்கி வாங்கிச் சேர்த்த பேர்கள் ஒரு மூச்சில் போய், திரை வெள்ளையாக நின்றது. தான் செய்த குற்றத்தை நிரூபிக்க அதை இன்னொரு தரம் செய்து காட்டவேண்டியிருந்தது.

செல்வமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டி பென்டிரைவிலிருந்து பழையபடி ஏற்றினார். பேர்கள் திரும்பி வந்தன.

"இப்பிடி ஒரு பிரதி அன்னைக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அது மேலேயே புதுசு ஓடிருச்சு. ஒண்ணு போதும்னு வச்சதும் நான்தான்."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. சாமித்துரைக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பாண்டியைத் திட்டினால் முன்னால் அவளைத் திட்டியதெல்லாம் எங்கே போகும்? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் செல்வமாரிதான் பேசினாள். சத்தமே இல்லாமல் பேசினாள்.

"பட்டனை அமுக்குனது போகட்டும். யாரும் அமுக்குவாவ. நான் ஒவ்வொரு ஊருக்கா என் தப்புதான், என் தப்புதான்னு சொல்லும்போது பக்கத்துலதானே இருந்தீங்க. அதை எப்பிடிக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

பாண்டி என்ன சொல்லியிருந்தாலும் அது 'இருக்கலாம்' போல ஒரு பதிலாகத்தான் இருந்திருக்கும்.

"எங்கய்யாகிட்ட பஸ்ஸுல போகும்போது போன்ல தெனமும் உங்களைப் பத்தித்தான் பேசுவேன். கூடப்பொறந்தவன் மாதிரி உக்காந்திருக்காவன்னு."

சாமித்துரை இருமினார். "சரி, ஆனது ஆச்சு. நாகலாபுரத்துக்கு என்ன சொல்ல?"

"நானே போன் போட்டுச் சொல்லிருதேன்" என்றார் பாண்டி. மானம் போகாமல் காக்க வேண்டிய ஆள் இனி அந்த அறையில் யாரும் இல்லை. ஸ்பீக்கரில் போட்டார். பாண்டியம்மாள் எடுத்தாள்.

"அம்மா, சேனல்லேருந்து பேசுதேன். உங்க வீட்டுக்காரவிய வீடியோவுல பேரு அழிஞ்சு போச்சு. என் தப்புதான்."

"படமும் போச்சாய்யா?"

"படம் இருக்கும்மா. எது அவியன்னுதான் தெரியல. எல்லாருக்கும் ஒரே வேசமா இருக்கு."

"இதுக்கா இம்புட்டு இழுக்குதீங்க?" என்றாள் பாண்டியம்மாள். "கையைப் பாருங்க. எங்க அவிய வாட்சைக் கழட்ட மறந்துருவாவ. வருசா வருசம் சொல்லுவேன். சுடலை வாட்சு கட்டிக்கிட்டுத்தான் ஆடும்."

செல்வமாரி பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ தரம் ஓட்டி ஓட்டிப் பார்த்த வீடியோ அது. ஈட்டியைத் தூக்கிய சந்தனக் கையில், சங்கிலி வைத்த கைக்கடிகாரம் தீவட்டி வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட ஒரே ஊர் அதுதான்.

கொடை வாரத்தில் கொம்பையா சேனலில் ஆடினார். செல்வமாரி வேலையில் இருந்தாள். சாமித்துரை இந்தக் கதையை மார்க்கெட்டு முழுக்கச் சொல்லி முடித்தார். சொல்லச் சொல்ல, தான் அவளைத் திட்டிய பகுதி குறைந்துகொண்டே வந்தது. பாண்டிக்கு டீக்கடையில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. நின்றுகொண்டு குடிப்பது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது. முத்துச்செல்விக்கு விஷயம் வெளியிலிருந்துதான் தெரிந்தது. இரண்டு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. அவர் செய்ததற்காக அல்ல, தான் பெருமைப்பட்டதற்காக.

மீதிப் பேர்களை ஏற்றப் பாண்டி இன்னும் மாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஊர்களுக்குப் போன் போடுவது இப்போது அவர் வேலை. தொடங்குகிற வாசகம் அதேதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறார். அவள் சொல்லச் சொல்லத்தான் தட்டுகிறார்; திரை எதையாவது கேட்டால் கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார். ஒரு தரம் தெரியாமல் சுட்டி துப்புரவுப் பக்கம் போய்விட்டது.

"அதைத் தொடாதீங்க, சார்" என்றாள் செல்வமாரி.

வெகு மரியாதையாகத்தான் சொன்னாள். பாண்டி கையை மடியில் வைத்துக்கொண்டார்.